நைலான் கம்பி மாட்டியும் கிட்டார் ஒழுங்கா பேசலையா? அறிகுறியை வெச்சு கோளாறைப் பிடிக்கிற வழி

கம்பி மாத்தின மறுநாளே கிட்டார் சரியில்லன்னா எல்லாரும் முதல்ல திட்டறது கம்பியைத்தான். ஆனா பெரும்பாலும் கம்பி மேல ஒரு தப்பும் இருக்காது, அந்தக் கம்பிக்கும் அந்தக் கிட்டாருக்கும் ஒத்துப்போகல, அதுதான் விஷயம். நானும் ரொம்ப நாள் செட் மாத்தி செட் மாத்தி வாங்கி மாட்டினவன்தான், கடைசில பார்த்தா கோளாறு நட்ல (கழுத்தோட மேல் நுனில கம்பிங்க பள்ளத்துல உக்கார்ற சின்னக் கட்டை) இருந்துச்சு. அதனால கீழ உங்க கிட்டார் என்ன பண்ணுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. கம்பியும் மாத்தி சேடிலும் (பிரிட்ஜ் மேல கம்பி ஏறி நிக்கற மெல்லிசு பட்டை) மாத்தி ட்ரஸ் ராடையும் (கழுத்து வளையாம இருக்க உள்ள ஓடற இரும்புத் தண்டு) திருகிட்டா எது சரி பண்ணுச்சு எது கெடுத்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

(நைலானைப் போய் கம்பின்னு சொல்றது தப்புதான். யாழுக்கு நரம்புன்னு சொன்னாங்களே, அது இதுக்குக் கச்சிதமா இருக்கும். ஆனா வாயில கம்பின்னுதான் வருது, அப்படியே போயிடலாம்.)

முதல்ல உங்க கையில இருக்கறது எந்த வகைன்னு பாருங்க

அக்கூஸ்டிக் கிட்டார்னு சொல்லிட்டு ரெண்டு வேற வேற வாத்தியத்தை ஆளுக்கொண்ணா வெச்சிருப்போம். பிரிட்ஜை, அதாவது பலகை மேல கம்பியோட அடி நுனி மாட்டற கட்டையைப் பாருங்க. சின்னச் சின்ன குமிழ் மாதிரி 6 பின் குத்தி இருந்தா அது ஸ்டீல் கம்பி கிட்டார். பின் எதுவும் இல்லாம கம்பியை முடிச்சு போட்டுக் கட்டற மாதிரி குறுக்குக் கட்டையும் ஓட்டையும் இருந்தா கிளாசிக்கல், நைலானுக்குன்னே பிறந்தது. இன்னும் சந்தேகம்னா நட் பக்கம் அகலத்தை அளந்து பாருங்க, கிளாசிக்கல்னா 52 மில்லிமீட்டர் கிட்ட இருக்கும், ஸ்டீல்னா 43, 44 தான். கிளாசிக்கல்ல ட்யூனிங் கீ சுத்தற உருளை தடியா, பெரும்பாலும் வெள்ளை பிளாஸ்டிக்ல இருக்கும், ஸ்டீல்ல மெல்லிசான இரும்புத் தண்டு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இழுவைல இருக்கற வித்தியாசம் சாதாரணம் இல்ல. நார்மல் டென்ஷன் நைலான் செட் 6 கம்பியும் சேர்ந்து சுமார் 38 கிலோ இழுக்கும். 12ல (1ம் கம்பி 0.012 அங்குலம்) ஆரம்பிக்கற லைட் ஸ்டீல் செட் 70 கிலோவைத் தாண்டும். ஸ்டீல் கிட்டார்ல நைலான் போட்டா கிட்டாருக்கு ஒண்ணும் ஆகாது, சத்தம்தான் சுமாரா வரும். ஆனா கிளாசிக்கல்ல ஸ்டீல் போடறது அடிமடியிலேயே கை வைக்கிற வேலை. கழுத்து வளையும், மேல் பலகை தொப்பை போடும், ஒரு நாள் பிரிட்ஜ் பிச்சுகிட்டு வரும். "ஒரு வாரம்தானே, போட்டுப் பார்க்கறேன்"னு கூட வேண்டாம்.

கம்பியை மாட்டவே முடியல

ஸ்டீல் கிட்டார் வெச்சுகிட்டு நைலான் வாங்கினவங்களுக்கு வர்ற முதல் முட்டுக்கட்டை இது. பாக்கெட்டைப் பிரிச்சா கம்பி நுனில குண்டு இருக்காது, மொட்டையா இருக்கும், பின் குத்தினா அப்படியே உருவிகிட்டு வந்துடும். சாதாரண கிளாசிக்கல் செட் எல்லாம் கட்டறதுக்குத்தான், அதனால மொட்டை நுனி. உங்களுக்கு வேண்டியது பால்-எண்ட் நைலான். டி'அடாரியோ, எர்னி பால், மார்ட்டின் எல்லாரும் போடறாங்க, பாக்கெட்ல பால் எண்ட்னு எழுதி இருக்கான்னு பார்த்து வாங்குங்க, படத்தைப் பார்த்து வாங்காதீங்க.

ஏற்கனவே மொட்டை நுனி செட் வாங்கியாச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதில்ல. பழைய ஸ்டீல் கம்பியோட குண்டைக் கழட்டி எடுத்துக்கோங்க, அதுல நடுவுல ஓட்டை இருக்கும், நைலானை அதுக்குள்ள விட்டு முடிச்சு போட்டு இறுக்கிட்டா அதுவும் பால்-எண்ட்தான். முடிச்சு போட்டதும் கையால நல்லா இழுத்துப் பாருங்க, கிட்டார்ல மாட்டினப்புறம் அவுந்தா எரிச்சலா இருக்கும்.

கிளாசிக்கல் பிரிட்ஜ்ல கட்டத் தெரியாம அவுந்து போறது இன்னொரு கதை. இதுல நான் வாங்கின அடி இன்னும் கிட்டார்லயே இருக்கு. 1ம் கம்பி, அதாவது மெல்லிசு இ, அதை மத்ததைக் கட்டின மாதிரியே ஒரே ஒரு சுத்து சுத்தி விட்டுட்டு கீயைத் திருப்பிகிட்டே போனேன், சுருதி கிட்ட வந்துச்சு, வந்துச்சு, இன்னும் கால் திருப்புதான்னு நினைக்கறப்ப பளார்னு ஒரு சத்தம், முடிச்சு வழுக்கி நுனி பலகைல சாட்டை மாதிரி அடிச்சு நகக்கண் அளவு ஒரு பள்ளம். வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடையறதுன்னா அதுதான். அதுக்கப்புறம் கட்டறதுக்கு முன்னாடி பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு துணியோ அட்டையோ போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கறது.

கட்டற விதம் இதுதான். சேடில் பக்கத்துல இருந்து ஓட்டைக்குள்ள விட்டு பின்னாடி ஒரு சாண்ல பாதி வெளிய எடுங்க, அதைத் தூக்கி கட்டை மேல கொண்டு வந்து, கம்பியோட கழுத்துக்குக் கீழ ஒரு சுத்து சுத்தி, திரும்ப பின்னாடி கொண்டு போய் அதோட வளையத்துக்குள்ளயே செருகுங்க. சுத்து போட்ட தடி கம்பிகளுக்கு (4, 5, 6) ஒரு செருகல் போதும், மேற்பரப்பு சொரசொரப்பா இருக்கறதால பிடிச்சுக்கும். வழவழ கம்பிகளுக்கு (1, 2, 3) ரெண்டு மூணு தடவை செருகணும். முக்கியமான விஷயம், கடைசி செருகல் கட்டையோட மேல் முகத்துல இருக்கக் கூடாது, பின் விளிம்பைத் தாண்டி கீழ இறங்கி இருக்கணும். அப்பதான் கம்பி இழுக்க இழுக்க அந்த நுனியைக் கட்டையோட விளிம்புல வெச்சு நசுக்கிப் பிடிக்கும். மேல இருந்தா வழுக்கும், என் கிட்டார்ல இருக்கற பள்ளமே சாட்சி.

ட்யூன் நிக்கவே மாட்டேங்குது

மாட்டி எத்தனை நாள் ஆச்சு? முதல் நாள்னா இதுல கோளாறே இல்ல. நைலான் இழுபடற பொருள், ஸ்டீல் மாதிரி ஒரு மணி நேரத்துல அடங்காது, 3 நாள்ல இருந்து ஒரு வாரம் வரைக்கும் இறங்கிகிட்டே இருக்கும், நீங்க ஏத்திகிட்டே இருக்கணும். சீக்கிரம் ஆகணும்னா வழவழ கம்பிகளை 12ம் ஃப்ரெட் (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற உலோகக் கோடு) பக்கத்துல மெதுவா மேல தூக்கி இழுத்து விட்டு திரும்ப ட்யூன் பண்ணுங்க, நாலஞ்சு தடவை. சுத்து போட்ட கம்பிகள்ல இந்த வேலை அதிகம் வேண்டாம், உள்ள இருக்கற நைலான் இழையும் மேல இருக்கற கம்பிச் சுத்தும் பிரிஞ்சு ஒட்டாம போகும்.

ஒரு வாரம் கழிச்சும் இறங்குதுன்னா அப்ப வழுக்குது. எங்கன்னு கண்டுபிடிக்க ஒரு ஸ்கெட்ச் பேனா போதும். கம்பி முடிச்சுக்குள்ள நுழையற இடத்துல ஒரு புள்ளி, மேல உருளைக்குள்ள ஏறற இடத்துல ஒரு புள்ளி வைங்க. வெச்சுட்டு ஒரு நாள் வாசிங்க. முடிச்சுக்கிட்ட வெச்ச புள்ளி நகர்ந்து வெளிய வந்துச்சுன்னா கட்டு வழுக்குது. உருளைக்கிட்ட வெச்சது கீழ இறங்கி இருந்தா மேல வழுக்குது. ரெண்டும் அசையாம சுருதி மட்டும் இறங்கினா கம்பி இன்னும் நீளுது, பொறுமையா இருங்க, அல்லது ட்யூனிங் கீயோட பல் தேஞ்சிருக்கு, அதை ஆட்டிப் பார்த்தாலே தெரியும்.

ஸ்டீல் கிட்டார்ல நைலான் போட்டவங்களுக்கு மேல வழுக்கறதுதான் சகஜம், அந்த இரும்புத் தண்டு மெல்லிசு, வழவழன்னு வேற இருக்கும். ஓட்டைக்குள்ள விட்டு நுனியைத் திருப்பி கம்பிக்கு அடியில கொண்டு வந்து அதோடவே ஒரு முடிச்சு போட்டுட்டு அப்புறம் சுத்துங்க. அதுக்கு மேலயும் வழுக்கினா ஓட்டைக்குள்ள ரெண்டு தடவை விட்டு எடுங்க.

திருப்பறப்ப சுருதி ஏறாம ஏறாம இருந்து திடீர்னு "டிங்"னு குதிச்சா அது நட் பிடிச்சு இழுக்குது. பென்சில் சீவி அந்தக் கரியைப் பள்ளத்துல தேயுங்க.

இன்னொண்ணு, நைலான் ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்துல ஒரு சுருதி, ஏசி ரூம்ல ஒரு சுருதின்னு ஆட்டம் காட்டறது கம்பியோட சுபாவம். மேடைல வாசிக்கறவங்க பலர் 1, 2, 3க்கு ஃப்ளோரோகார்பன்ங்கற இன்னொரு பிளாஸ்டிக் கம்பி பக்கம் போறதுக்கு இதுவும் ஒரு காரணம், அது தண்ணியைக் கிட்டத்தட்ட தொடவே தொடாது.

கம்பி நட்ல ஒழுங்கா உக்காரல, 1ம் ஃப்ரெட்ல பிடிச்சா அபஸ்வரமா கேக்குது

இது முழுக்க ஸ்டீல் கிட்டார்ல நைலான் போட்டவங்களுக்கு. கணக்கைப் பாருங்க, தானா புரியும். லைட் ஸ்டீல் செட்ல 1, 2, 3 கம்பிகளோட தடிமன் 0.30, 0.41, 0.61 மில்லிமீட்டர். நட்ல வெட்டி இருக்கற பள்ளம் அதுக்குத்தான். நார்மல் நைலான்ல அதே மூணு கம்பி 0.71, 0.82, 1.02. அதாவது பி கம்பி (2ம் கம்பி) அதோட பள்ளத்தை விட சரியா ரெண்டு மடங்கு தடி. பள்ளத்துக்குள்ள இறங்காம வரப்பு மேல நடக்கற மாதிரி மேல உக்காந்திருக்கும். உக்காந்திருக்கறதால 1ம் ஃப்ரெட்ல அமுக்க கூடுதலா கீழ இழுக்கணும், இழுத்தா சுருதி ஏறும், ஓப்பன் சி கார்டு பிடிக்கறப்ப பி கம்பில வர்ற அந்த சி மட்டும் கூர்மையா குத்தும். ஓப்பன் கம்பி, அதாவது விரல் வைக்காத கம்பி, ஆறும் ட்யூனர்ல பச்சை காட்டும், கார்டு பிடிச்சா மட்டும் காது கூசும். இதுதான் அடையாளம்.

தடி கம்பிகள் பக்கம் நேர் எதிர். ஸ்டீல்ல 6ம் கம்பி 1.35, நைலான் செட்ல 1.09தான். பள்ளத்துல லொடலொடன்னு கிடக்கும், சில கிட்டார்ல அங்கயே ஒரு ஜிர்ர் சத்தம் வரும்.

இதுக்குக் கம்பி மாத்தினா தீராது. நட் பள்ளத்தை அகலமாக்கணும். ஆனா தயவுசெஞ்சு இருக்கற நட்டை ராவாதீங்க. நான் ஆர்வக்கோளாறுல ராவி முடிச்சேன், நைலான் அழகா உக்காந்துச்சு, மூணு மாசம் கழிச்சு ஸ்டீலுக்குத் திரும்பலாம்னு மாட்டினா மெல்லிசு கம்பிங்க எல்லாம் குழிக்குள்ள விழுந்து பள்ளத்துக்குள்ளயே ஆடுது. புது நட் ஒண்ணு வாங்கி அதை ராவுங்க, பழசைப் பத்திரமா வைங்க, எப்ப வேணா திரும்பலாம். ராவறதுன்னாலும் அளவுக்கு ஏத்த அரம் வேணும், அது இல்லன்னா கிட்டார் ரிப்பேர் பண்றவர்கிட்ட கம்பி செட்டையும் சேர்த்துக் குடுத்துடுங்க.

ஜிர்ர்னு அதிர்ற சத்தம் (buzz)

எந்த இடத்துல வருதுங்கறதுதான் எல்லாமே. கழுத்தோட நட் பக்கம், ஓப்பன்ல இருந்து 4ம் ஃப்ரெட் வரைக்கும் மட்டும் வந்தா, அதுவும் ஸ்டீல் எடுத்துட்டு நைலான் போட்ட பிறகு வந்தா, கழுத்து பின்னாடி வளைஞ்சிருக்கு. 70 கிலோ இழுவையை எதிர்த்து நிக்கறதுக்காக ட்ரஸ் ராட் முறுக்கி வெச்சிருந்தது, திடீர்னு இழுவை பாதியாச்சு, ராட் ஜெயிச்சுடுச்சு. 6ம் கம்பியை 1ம் ஃப்ரெட்லயும் 14லயும் ஒரே நேரத்துல அமுக்கி நடுவுல 6, 7ம் ஃப்ரெட் பக்கம் பாருங்க. கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிசு இடைவெளி தெரியணும். துளி கூட இல்லாம ஒட்டிகிட்டு இருந்தா ராடைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் கால் சுத்து தளர்த்துங்க, ஒரு நாள் விட்டு திரும்பப் பாருங்க. ஸ்டீல் திரும்பப் போட்டா அந்தக் கால் சுத்தைத் திரும்ப முறுக்க மறந்துடாதீங்க. கிளாசிக்கல்ல பெரும்பாலும் ட்ரஸ் ராடே இருக்காது, அதனால இந்தப் பத்தி அவங்களுக்கு இல்ல.

எல்லா ஃப்ரெட்லயும் வந்தா ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கற உயரம், கம்மி. நைலான் லூஸா இருக்கும், அதனால அகலமா ஆடும், அதுக்கு இடம் வேணும். 12ம் ஃப்ரெட்ல ஸ்டீலுக்கு ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் உயரம் போதும். நைலானுக்கு 1ம் கம்பி பக்கம் 3, 6ம் கம்பி பக்கம் 4 கிட்ட வேணும். சேடிலைக் கழட்டி அடியில ஒரு விசிட்டிங் கார்டு துண்டு வெட்டி வெச்சு சோதிச்சுப் பாருங்க, ஜிர்ர் போச்சுன்னா உயரமான சேடில் ஒண்ணு போட்டுடுங்க. சேடிலுக்கு அடியில பிக்அப் (சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பற கருவி) இருந்தா அட்டை வேலை வேண்டாம், சத்தம் கம்பிக்குக் கம்பி ஏறி இறங்கும்.

இதை எல்லாம் பண்ண மனசில்லன்னா ஹார்ட் டென்ஷன் செட் கொஞ்சம் உதவும், ஆட்டம் குறையும். கொஞ்சம்தான்.

சத்தமே வரல, துணி போத்தின மாதிரி இருக்கு

கம்பி பழசான்னு முதல்ல பாருங்க. வழவழ கம்பிக்கு அடியில நகத்தை வெச்சு நீளவாக்குல ஓட்டுங்க, ஃப்ரெட் இருக்கற இடத்துல எல்லாம் குழி குழியா தட்டுப்பட்டா அது முடிஞ்சு போச்சு. தடி கம்பிங்க வெள்ளி மினுக்கு போய் கறுத்து, அடிச்சா மணி மாதிரி நீளாம டொப்புன்னு நின்னா அதுவும் முடிஞ்சது. அந்த மூணும் எப்பவும் வழவழ கம்பிங்களுக்கு முன்னாடி செத்துப் போகும், அதனாலதான் தடி கம்பி மட்டும் தனியா பாதி செட்டா விக்கறாங்க.

புதுசு போட்டும் மந்தம்னா, உங்களுது ஸ்டீல் கிட்டார்னா, ஒரு எல்லைக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஸ்டீல் கிட்டாரோட பலகைக்கு அடியில பெருக்கல் குறி மாதிரி தடியான சட்டம் ஒட்டி இருப்பாங்க, அந்த 70 கிலோவைத் தாங்கணுமே. கிளாசிக்கல்ல விசிறி மாதிரி மெல்லிசு குச்சிங்கதான். தடியான பலகையை அசைக்க நைலானுக்குத் தெம்பு பத்தாது. தலைகீழா நின்னாலும் கிளாசிக்கல் சத்தம் வராது. ஆனா கொஞ்சம் மேல கொண்டு வரலாம். ஹார்ட் டென்ஷன் போடுங்க, தடி கம்பிக்கு வெள்ளி முலாம் பூசினதுக்குப் பதிலா 80/20 வெண்கலம் சுத்தினது எடுங்க, இது பளிச்சுன்னு கேக்கும். பால்-எண்ட் செட் பலதுல அதுதான் வரும். சின்ன உடம்பு, பார்லர் சைஸ் கிட்டார்னா நைலான் நல்லாவே வரும், பெரிய ட்ரெட்நாட் உடம்புல எனக்குப் பிடிக்கல.

கிளாசிக்கல் கிட்டார்லயே மந்தம்னா பொருளை மாத்திப் பாருங்க, டென்ஷனை அப்புறம் பார்த்துக்கலாம். சாதா நைலான் சூடா, உருண்டையா கேக்கும். கார்பன்னு கூப்பிடற ஃப்ளோரோகார்பன் கூர்மையா, தூரம் போகும். நடுவுல அக்வீலா கம்பெனியோட நைல்கட், மிருகக் குடல்ல செஞ்ச பழைய நரம்போட அடர்த்திக்குப் பக்கமா செஞ்சது. உங்க கிட்டார் செடார் பலகையா இருந்து ஏற்கனவே இருட்டா இருந்தா கார்பன், ஸ்ப்ரூஸ் பலகையா இருந்து ஏற்கனவே கீச்சுன்னு இருந்தா சாதா நைலான், இப்படித்தான் நான் ஆரம்பிப்பேன்.

ஜி கம்பி மட்டும் டொக்கு டொக்குன்னு கேக்குது

இதுக்குத்தான் வந்தீங்கன்னா கையைக் குடுங்க. நைலான் வாசிக்கற எல்லாருக்கும் 3ம் கம்பியோட ஒரு பிணக்கு உண்டு. பக்கத்துல டி கம்பி (4ம் கம்பி) வெள்ளி சுத்தி பளபளன்னு பேசும், அந்தப் பக்கம் பி தெளிவா பேசும், நடுவுல ஜி மட்டும் அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி. காரணம் தடிமன்தான். சுத்து இல்லாம வெறும் நைலானாவே 196 ஹெர்ட்ஸ் சுருதிக்கு இறங்கணும்னா 1 மில்லிமீட்டருக்கு மேல தடியாக்கணும், அவ்வளவு தடியான நைலான் கம்பியா இல்லாம குச்சி மாதிரி நடந்துக்கும். விறைப்பு தடிமனோட 4ம் படில ஏறும், அதனால கொஞ்சம் தடிச்சாலே நிறைய விறைக்கும். விறைச்சா மேல் ஸ்வரங்கள் சரியா எழும்பாது, அதான் டொக்கு. அதே விறைப்பாலதான் மேல் ஃப்ரெட்ல ஜி சுருதி ஏறியும் கேக்கும்.

அப்ப மெல்லிசா இருந்து அதே எடை இருந்தா போதுமில்லையா? அதைத்தான் கார்பன் பண்ணுது. நைலானோட அடர்த்தி தண்ணியை விட ஏறக்குறைய 1.1 மடங்கு, ஃப்ளோரோகார்பன் 1.8 மடங்கு கிட்ட. அதே டென்ஷனுக்கு 5ல 1 பங்கு மெல்லிசா செய்யலாம். 1.02 நைலான் ஜிக்கு பதிலா 0.82 பக்கம் வரும். உங்க நைலான் பி கம்பி இருக்கற தடிமன்!

அதனால முழு செட்டும் மாத்தாதீங்க, ஜி மட்டும் கார்பன்ல ஒத்தைக் கம்பியா வாங்கி மாட்டுங்க. 1, 2 நைலான், 3 கார்பன், நான் பல வருஷமா இப்படித்தான். சவரேஸ் அலையன்ஸ் கார்பன்ல பேர் போனது. டி'அடாரியோ காம்போசிட் ஜின்னு ஒண்ணு செட்டோடயே குடுக்கறாங்க, அது கார்பன் அளவுக்குக் கூர்மை இல்லாம நைலானோட கலந்து போகும். கார்பன் ஜி சில கிட்டார்ல பக்கத்து பியை விட உரக்கக் கேட்டு துருத்திக்கும், அப்ப காம்போசிட் பக்கம் போங்க.

ஒரு ஜி டொக்குன்னு இல்லாம அலை அலையா, ஒண்ணுக்கு ரெண்டு சுருதியா கேட்டா அது வேற நோய், கம்பியோட தடிமன் ஒரே சீரா இல்ல. 12ம் ஃப்ரெட் மேல கம்பியை அமுக்காம லேசா விரலால தொட்டு மீட்டி, மணி மாதிரி வர்ற ஹார்மோனிக் எடுங்க, அப்புறம் அதே ஃப்ரெட்ல அமுக்கி எடுங்க. ட்யூனர்ல மத்த கம்பிங்க எல்லாம் ஒத்துப் போய் இது மட்டும் எங்கயோ நின்னா கம்பியே கோளாறு, புது செட்டாவே இருந்தாலும் அதை மட்டும் மாத்திடுங்க. இந்தத் தொல்லைக்காகத்தான் ரெக்டிஃபைடுன்னு ஒரு வகை, ஒரே தடிமனுக்குத் தேய்ச்சு எடுத்தது. தொட்டா லேசா பட்டுத்துணி மாதிரி இருக்கும், சத்தமும் ஒரு சுத்து மெத்துன்னு. ஆல்பர்ட் அகஸ்டின் நியூயார்க்ல கிளாசிக்கல் கிட்டார் மேதை செகோவியாவோட சேர்ந்து 1940கள்ல நைலான் கம்பி கொண்டு வந்ததே, போர்க்காலத்துல ஆஸ்பத்திரி தையலுக்குப் போய் குடல் நரம்பு கிடைக்காம போனதாலயும், கிடைச்சதும் ஒரே சீரா இல்லாததாலயும்தான். அந்த சீர் பிரச்சினை இன்னும் முழுசா ஒழியல.

எல்லாக் கம்பியும் 12ம் ஃப்ரெட்ல விலகுது

மேல சொன்ன அதே ஹார்மோனிக் சோதனை. ஸ்டீல் கிட்டார்ல நைலான்னா தடி கம்பிங்க இறங்கிக் காட்டும், ஏன்னா சேடில் சாய்வா இருக்கறதே ஸ்டீலோட தடி கம்பிக்குக் கூடுதல் நீளம் குடுக்கத்தான், நைலானுக்கு அவ்வளவு வேண்டாம். நைலானுக்கு ஏத்த மாதிரி உச்சி சீவின சேடில் போடலாம், அல்லது 5ம் ஃப்ரெட்டுக்குக் கீழயே வாசிக்கறவரா இருந்தா கண்டுக்காம விட்டுடலாம். கிளாசிக்கல்ல எல்லாமே ஏறிக் காட்டினா ஆக்ஷன் அதிகம்.

டி கம்பி மட்டும் அடிக்கடி அறுந்து போகுது

சுத்து போட்டதுலயே மெல்லிசு அதுதான், 0.74. ஃப்ரெட் மேல உரசி உரசி சுத்து தேஞ்சு 2ம் ஃப்ரெட், 3ம் ஃப்ரெட் பக்கம் பிரியும், பிரிஞ்ச ரெண்டு நாள்ல போயிடும். ஒத்தை டி ஒண்ணு எப்பவும் கைவசம் வைங்க. ஒரே ஃப்ரெட்ல திரும்பத் திரும்ப அறுந்தா அந்த ஃப்ரெட் ஓரம் கூரா இருக்கு. நட்லயோ சேடில்லயோ அறுந்தா அங்க கூரா இருக்கு, மெல்லிசு உப்புத்தாள் போதும்.

மாட்டறப்பவே பிரிஞ்சுதா? சில செட்ல தடி கம்பியோட ஒரு நுனி கொஞ்ச தூரத்துக்குக் கொழகொழன்னு இருக்கும், கட்ட வசதிக்கு அப்படி விட்டிருப்பாங்க. அந்த நுனி முடிச்சோட முடிஞ்சு போகணும், சேடிலைத் தாண்டி ஒலிக்கிற பக்கம் வரக் கூடாது. வந்தா அந்தக் கம்பி புதுசுலயே செத்த மாதிரி கேக்கும்.

இறுக்கமா இருக்கு, விரல் வலிக்குது / தொளதொளன்னு இருக்கு

ஹார்ட்னா நல்லது, நார்மல்னா ஆரம்பப் பள்ளின்னு ஒரு நினைப்பு இருக்கு, அதை விட்டுடுங்க. நார்மலுக்கும் ஹார்டுக்கும் மொத்தமா ரெண்டு மூணு கிலோதான் வித்தியாசம், 1ம் கம்பி 0.71ல இருந்து 0.72 ஆகும், அவ்வளவுதான். ஒரு கம்பெனியோட நார்மல் இன்னொருத்தரோட ஹார்டா இருக்கலாம், பொதுவான அளவுகோல் கிடையாது, அதனால பெயரைப் பார்க்காம பாக்கெட் பின்னாடி இருக்கற கிலோவையோ பவுண்டையோ பாருங்க. அதுலயும் அந்த எண் 650 மில்லிமீட்டர் ஸ்கேலுக்குப் போட்டது, உங்க கிட்டார் 630ன்னா அதே செட் இன்னும் லூஸா இருக்கும், குட்டி கிட்டாருக்கு ஹார்ட் போடறது அதனாலதான்.

வலி இருந்தா டென்ஷனுக்கு முன்னாடி ஆக்ஷனை அளந்துடுங்க. 12ல 5 மில்லிமீட்டர் இருந்தா எந்த லைட் செட்டும் காப்பாத்தாது.

விரல் நகர்த்தினா கீச் கீச்சுங்குது

பாலிஷ்டுன்னு போட்ட தடி கம்பி வாங்குங்க, குறையும், கூடவே பளிச்சும் கொஞ்சம் குறையும். ரெக்கார்டிங்குக்கு ஓகே. மத்தபடி விரலைத் தூக்கி வைக்கப் பழகறதுதான் மலிவு.

பிக்அப்ல சத்தமே வரல

சவுண்ட் ஹோல்ல மாட்டற மேக்னட் பிக்அப்பா? அதுக்கு இரும்பு வேணும், நைலான் அதுக்குக் கண்ணுக்கே தெரியாது. தடி கம்பில சுத்தினது செம்போ வெண்கலமோதான், அதுவும் தெரியாது. சேடிலுக்கு அடியில இருக்கற பீசோன்னா நைலானுக்கும் வேலை செய்யும், ஸ்டீலை விட மெதுவா வரும், ப்ரீஆம்ப்ல ஏத்திக்கணும். அதுல ஒரு கம்பி மட்டும் மெதுவா வந்தா சேடிலோட அடிப்பக்கம் சமமா இல்ல, கண்ணாடித் துண்டு மேல உப்புத்தாளை விரிச்சு சேடிலை நேரா நிறுத்தி நாலு இழு இழுத்துட்டு திரும்பப் போடுங்க.